கடிகையின் அறுபதாம் இடம் பற்றி உவர்த்துறையார்க்கு விடுத்த ஓலை

நீர் நிறைக, நிலம் தழைக, சொல் பிழையாதிருக்க.

பேராறு கரை புரண்ட ஆண்டில் தம் தோளால் மண் சுமந்து கரை கட்டிய கரைகண்டாரின் மகளாரும், மருதவேலி நாட்டையும் உவர்த்துறை ஐந்தையும் ஒரு குடைக்கீழ்ப் புரப்பவரும், ஏழ்வாயில் மாநகரத்து அரியணைக்கு உரியவருமான தழைநங்கைப் பெருந்தேவியார், தம் ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டு ஆவணித் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், உவர்த்துறை ஐந்தின் தலைவர்க்கும், தோணி வலித்தும் உப்பு விளைத்தும் வாழும் கழியர் பெருங்குடி மக்கள் அனைவர்க்கும் விடுக்கும் ஓலை.

உங்கள் உப்பளங்களுக்கு வெயில் குறையாதிருப்பதாக. உங்கள் தோணிகள் போன வழியே திரும்புவதாக. உங்கள் பிள்ளைகள் பசியறியாது வளர்வதாக.

நம் அரசகடிகை என்னும் கல்விச்சாலையில் மாணாக்கருக்கு இடம் கொடுக்கும்போது அவர் பிறந்த குடியை நோக்கலாமா, கூடாதா என்ற வழக்கு சென்ற திங்களில் நம் பேரவையில் எழுந்ததும், அதன்பொருட்டு ஏழ்வாயில் தெருக்களில் பல சொல் பேசப்பட்டதும் உங்கள் செவிக்கு எட்டியிருக்கும். தீர்ப்பை மட்டும் எழுதி அனுப்பினால் அது பாதி உண்மையாகிவிடும். ஆதலால் நடந்ததை நடந்தவாறே எழுதப் பணித்தோம். இதில் ஒருவருடைய நெஞ்சுக்குள் நடந்தவையும் வரும். அவற்றை அவரே மூன்று நாள் நம்முன் அமர்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் மறைக்காமல் சொன்னார். நாம் ஒன்றையும் கூட்டவில்லை, அவர் வெட்கப்பட்டவற்றைக் குறைக்கவும் இல்லை.

நம் முப்பாட்டனார் உங்கள் துறைகளைப் போரில் கொண்ட காலத்தில், கழியர் எவரும் எழுத்தாணி தொடலாகாது என்று கல்லில் வெட்டி வைத்தார். மூன்று தலைமுறை அக்கல் நின்றது. நம் பாட்டனார் அதைப் பெயர்த்தார். ஆனால் கல்லைப் பெயர்த்த அன்றே கடிகையின் கதவு திறந்துவிடவில்லை. எழுத்தே அறியாத வீட்டிலிருந்து, ஏழு தலைமுறை எழுத்தறிந்த வீட்டுப் பிள்ளையோடு போட்டியிட வருவோர் எத்தனை பேர்? இருபது ஆண்டு பார்த்தும் ஒருவரும் வரக் காணாமல், நம் தந்தையார் குடிநோக்கல் என்னும் முறையை அமைத்தார். கடிகையில் ஆண்டுக்கு அறுபது இடம். அறுபதுக்குக் கீழே ஐந்து படிக்குள் கழியர் ஒருவர் நின்றால், அவரை அறுபதாம் இடத்துக்கு ஏற்றிக்கொள்வது. அவ்வளவே அம்முறை. ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. அதை நம் தந்தையார் அறிவார், நாமும் அறிவோம்.

கடிகையின் தேர்வுநாயகமாகப் பதினெட்டு ஆண்டு இருந்தவர் மருதங்கோவனார். ஒரு சொல்லில் ஒற்று மிகுமா மிகாதா என்று இரு புலவர் மலைத்து நின்றால் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். நாள்தோறும் தலையை மழித்துக்கொள்வார், மணம் செய்துகொண்டவரல்லர், விருந்துக்கு அழைத்தால் சோறும் மோரும் அன்றி வேறு கொள்ளார். துறவு மனத்தர் என்று ஊர் அவரைப் புகழ்ந்தது.

அவருடைய பிறந்த பெயர் சுறவன். பிறந்தது உங்கள் முடத்தாழைத் துறையில், உப்பு வாரும் வீட்டில். எழுத்துத் தடை நீங்கிய சில ஆண்டில் வளர்ந்த பிள்ளை அவர். ஏழ்வாயிலில் ஓர் உப்பு வணிகரின் பண்டகசாலையில் மூட்டை அடுக்கப் போன இடத்தில், மூட்டைமேல் எழுதிய எழுத்தைப் பார்த்துப் பார்த்தே எழுதப் படித்தார். பதினெட்டு வயதில் கடிகைத் தேர்வுக்குச் சென்றபோது, கழியன் என்றால் கதவு திறவாது என்று அஞ்சி, தம் பெயர் மருதங்கோவன் என்றும், வெள்ளம் கொண்டுபோன ஆற்றூரில் எஞ்சிய பிள்ளை என்றும் எழுதினார். வெள்ளம் கொண்ட ஊரில் போய் விசாரிக்க யாரும் இல்லை அல்லவா? அவ்வாண்டு அறுபது பேரில் முதலாவதாக வந்தார். அன்று முதல் நாற்பத்திரண்டு ஆண்டு அப்பெயரிலேயே வாழ்ந்தார்.

முதலிடம் வந்தவர் எதையெல்லாம் விட்டார் என்று கேட்டோம். தலையை மழித்தது உங்கள் குடிக்கே உரிய சுருள்முடி தெரியாதிருக்க. மணம் செய்யாதது, பிறக்கும் பிள்ளைக்கு அந்த முடி வந்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சி. விருந்தில் மோரோடு நிறுத்திக்கொண்டது, தம் இலையில் மீன் விழுந்தால் தம் முகம் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. எல்லாவற்றிலும் கடினம் நாக்கைத் திருத்தியதுதான் என்றார். நீங்கள் ஓகாரத்தை அடுத்து வரும் யகரத்தை மூக்கில் ஏற்றி ஞகரமாகச் சொல்வீர்கள். ‘தோயல்’ உங்கள் வாயில் ‘தோஞல்’ ஆகும். அந்த ஞகரத்தைத் தம் வாயிலிருந்து களைய ஓராண்டு முழுதும் விடியுமுன் ஆற்றங்கரைக்குப் போய்த் தனியே நின்று சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். பெயர் திமிலன். ஆண்டுக்கொருமுறை உப்பு மூட்டையோடு கடிகை வாயிலுக்கு வருவார். தேர்வுநாயகம் தாமே இறங்கி வந்து உப்புக்கு விலை பேசுவார். இந்த ஆண்டு உப்பு எப்படி விளைந்தது என்று கேட்டால், அம்மா எப்படி இருக்கிறாள் என்று பொருள். மழையில் கொஞ்சம் கரைந்துவிட்டது என்று அண்ணன் சொன்னால், அவளுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். ஓர் ஆண்டு அண்ணன், உப்பு முழுக்கக் கரைந்துபோயிற்று என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருதங்கோவனார் நெல்லை அளந்து கொடுத்து உப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று பாடம் நடத்தவும் செய்தார். பின்னர் ஒரு பருவத்தில் அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த பருவத்திலும் வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? கேட்கவில்லை.

இப்படிப்பட்டவர் முன்னே இவ்வாண்டு வந்தவள் அலவி. மேலைத்துறைத் தோணனின் மகள், வயது பத்தொன்பது. தேர்வு ஓலையின் முகப்பில், யாரும் கேட்காமலே பெரிய எழுத்தில், ‘உவர்த்துறைக் கழியர் குடி, தோணன் மகள் அலவி’ என்று எழுதியிருந்தாள். தேர்வில் அறுபத்துநான்காவதாக நின்று, குடிநோக்கலால் அறுபதாம் இடம் பெற்று உள்ளே வந்தாள். வந்த மூன்றாம் நாள் மாணாக்கர் முற்றத்தில் கருவாடு சுட்டாள். முதலில் மூக்கைப் பொத்திய மருதவேலி ஆற்றுநாட்டுப் பெண்கள், ஒரு திங்கள் கழிவதற்குள் இலையை நீட்டிக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த மணம் மாடத்தில் ஏறித் தம் அறைக்குள் வந்ததும் மருதங்கோவனார் சாளரத்தை அடைத்துவிட்டு, அடைத்த கதவின் இடுக்கருகே நெடுநேரம் நின்றாராம்.

அவளைப் பற்றி அவர் கணக்கெடுக்கத் தொடங்கினார். எத்தனை முறை சிரித்தாள், எந்த ஆசிரியர் அவளோடு நின்று பேசினார், அவள் தந்தை மாதத்துக்கு எத்தனை முறை வந்து வாயிலில் எல்லோரும் பார்க்க அவளைக் கட்டிக்கொண்டார். ஒருநாள் சொல்லகராதி தொகுக்கும் ஆசிரியர் ஒருவர் அவளை நிறுத்தி, அவள் வாயில் வந்த ஒரு கழிச்சொல்லை இன்னொரு முறை சொல்லம்மா என்று வேண்டி, கேட்டு, ஓலையில் எழுதிக்கொண்டார். மருதங்கோவனார் தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார். அவர் ஓராண்டு ஆற்றங்கரையில் நின்று துப்பியெறிந்ததை இவளிடம் கேட்டு வாங்கிப் போற்றுகிறார்கள். தாம் நகத்தால் பிறாண்டித் திறந்த கதவை இவளுக்குத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். தமக்கு வாய்க்காதது இவளுக்கு ஏன் வாய்க்க வேண்டும்? அன்றிரவு முதல் அவருக்கு உணவு செரிக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்று மருத்துவரிடம் சொல்லிச் சூரணம் வாங்கிக்கொண்டார். சொன்னது உண்மைதான், மருந்துதான் வேறு.

இந்நிலையில் நெசவுத்தெருவில் கைம்பெண்ணாக வாழும் சேந்தி என்பவள் நம் வாயிலில் முறையிட்டாள். அவள் மகன் பதுமன் தேர்வில் அறுபதாவதாக நின்றவன். அலவி ஏறியதால் இறங்கியவன் அவன்தான். பகலெல்லாம் தறியில் இருந்து, நெய்த நேரம் போக மிச்ச நேரத்தில் படித்தவன். சேந்தியின் சொல்லை அவள் சொன்னபடியே எழுதுகிறோம், ஏனெனில் அதற்கு எளிதில் விடை இல்லை.

“கழியர எழுதக்கூடாதுன்னு சொன்னது அரசர். கல்லு வெட்டினது அரசர். அப்போ என் மாமனார் பாட்டன் அரசருக்குத் துணி நெய்ஞ்சுட்டிருந்தாரு. அரசர் செஞ்ச தப்புக்கு அரசர் வீட்டுல இருந்து ஒரு இடத்த விடாம, என் பிள்ள எடத்த எடுத்துக் குடுத்தா அது நியாயமா, தாயே?”

குடிநோக்கல் இருக்கலாமா, நீங்கலாமா என்று ஆராய்ந்து நாற்பது நாளுக்குள் கருத்துரை தருமாறு தேர்வுநாயகத்தைப் பணித்தோம். அப்பணி தம்மிடம் வந்தபோது, நீண்ட நாளுக்குப்பின் அன்றுதான் வயிறார உண்டேன் என்று மருதங்கோவனார் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அவர் எழுதிய கருத்துரை ஒரு புலவரின் ஓலைதான். தகுதியே ஒருவரின் குடி, குடி ஒருவரின் தகுதியன்று என்று அது தொடங்கியது. குடியைப் பார்த்து இடம் கொடுத்தால், கழியரில் தம் திறத்தால் வந்தவரையும் ஊர் ஐயுறும் என்றது. இறங்கியவன் நெஞ்சில் பகை முளைக்கும், அப்பகை தெருவுக்கு வரும் என்றது. இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. இன்றும் நாம் அவற்றைப் பொய்யென்று சொல்லோம். உண்மையான சொற்களைக் கொண்டே ஒருவர் தம் எரிச்சலை ஆற்றிக்கொள்ள முடியும் என்பதை மட்டும் அப்போது நாம் அறிந்திருக்கவில்லை.

கருத்துரைக்கு வலுச்சேர்க்க, அலவியின் தேர்வு ஓலையைக் கருவூலத்திலிருந்து எடுப்பித்து, அவள் எங்கெங்கே பிழைத்தாள் என்று பார்க்க அமர்ந்தார். இலக்கணத்தில் இரண்டு பிழை. கணக்கில் ஒன்று. நீர்நிலை வினாவில் மட்டும் பெரும்பிழை என்று திருத்தியவர் குறித்திருந்தார். கழிமுகத்து வாய்க்காலின் மடையை எப்போது திறக்க வேண்டும் என்பது வினா. நீர் வடியும்போது என்பது நூலில் உள்ள விடை. அலவி எழுதியிருந்தது, ‘ஓயத்தில் திறக்க வேண்டும்’ என்று. திருத்தியவர், ஓதம் என்பதை இவள் ஓயம் என்று பிழையாக எழுதினாள் என்றும், கடல்நீர் ஏறும் ஓதத்தில் மடையைத் திறந்தால் வயல் உவர்ப்பாகும், ஆகவே பொருளும் பிழை என்றும், விடை முழுவதையும் அடித்திருந்தார்.

ஓயம் என்பது என்ன என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நீர் ஏறி முடித்து, இறங்கத் தொடங்காமல், அசைவற்று நிற்கும் அந்தச் சிறுபொழுது. அந்நேரத்தில் திறந்தால் மடைப்பலகைக்கு நோவில்லை. வடியத் தொடங்கியபின் திறந்தால் நீரின் இழுப்பில் பலகை பிளக்கும். இது நூலில் இல்லை, மடைகாப்பவன் கையில் இருக்கிறது. ஆற்றுநாட்டில் அச்சொல்லே கிடையாது. திருத்திய ஐவருள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

மருதங்கோவனார் கேட்டிருந்தார். ஐந்து வயதில், தந்தையின் தோளில் உட்கார்ந்து, மடைவாயில் நீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கேட்ட சொல். அலவியின் விடை சரி மட்டுமன்று, நூலைக் காட்டிலும் சரி என்று கண்ட மாத்திரத்தில் அறிந்தார். அந்த விடைக்குரிய மதிப்பைச் சேர்த்தால் அவள் ஐம்பத்தேழாவது. குடிநோக்கலே வேண்டாம். சேந்தியின் மகன் இறங்கியது அப்போது குடியால் அன்று, தரவரிசையால். வழக்கே இல்லை.

அதைச் சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்த அச்சம் ஒன்று. ஆனால் தம்மைத் தடுத்தது அச்சமன்று என்றார். ஏதேனும் ஒரு பழைய நூலில் படித்தேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அப்படிச் சொல்லவும் நா எழவில்லை. தன் பெயரையும் வைத்துக்கொண்டு, தன் நாக்கையும் வைத்துக்கொண்டு, கருவாட்டையும் தின்றுகொண்டு, இப்போது தரவரிசையும் அவளுக்கே என்றால், நாற்பத்திரண்டு ஆண்டு நான் எதற்காகச் செத்தேன் என்று நினைத்தாராம். ஓலையைச் சுருட்டி, பழைய கயிற்றாலேயே கட்டி, எடுத்த இடத்தில் வைத்தார். பொய் ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டிய ஒன்றை எழுதவில்லை.

ஆடித் திங்கள் பத்தாம் நாள் பேரவை கூடியது. நெசவுத்தெருவார் ஒருபுறம், உங்களில் இருபது பேர் மறுபுறம். தெருவில் கல்லெடுத்த கைகளும் இருந்தன என்று நகர்காவலர் சொன்னார். சேந்தி தன் முறையீட்டைச் சொன்னாள். மருதங்கோவனார் தம் கருத்துரையைப் படித்தார். அவையில் பாதிப்பேர் தலையசைத்தார்கள்.

பிறகு அலவி எழுந்து வணங்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, நாணம் இருந்தது. ஒருவன் இடத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தன்னைச் சொல்லும்போது தனக்குச் சோறு இறங்கவில்லை என்றும், இடத்தை அந்த நெசவுத்தெருப் பையனுக்கே விட்டுவிட்டு ஊருக்குப் போய், அடுத்த ஆண்டு மறுபடி எழுதிப் பார்ப்பதாகவும் சொன்னாள். அதைக் கேட்டபோது தம் நெஞ்சு குளிர்ந்தது என்று மருதங்கோவனார் நம்மிடம் மறைக்காமல் சொன்னார். போகட்டும், பெயரை மாற்றிக்கொண்டு வரட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தாராம்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எந்தச் சொல்லுல அதிகமாத் தப்பு விட்டேன்னு மட்டும் சொல்லிருங்க, ஐயா. திருத்திக்கிட்டுப் போறேன்.”

தேர்வுநாயகம் எழுந்தார். வழக்குக்காக அவைக்குக் கொண்டுவந்த அவளுடைய தேர்வு ஓலை அவர் கையில் இருந்தது, அதில் எழுதியிருந்தது ஓயம் என்று. அவையிலுள்ள எவர் படித்தாலும் ஓயம் என்றுதான் படித்திருப்பார். அவர் அவளைப் பார்த்துச் சொன்னார்:

“ஓதம் என்று எழுத வேண்டிய இடத்தில் நீ ஓஞம் என்று எழுதியிருக்கிறாய்.”

என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை. அவையோருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அலவி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தரையில் அமர்ந்திருந்த தோணன் மெல்ல எழுந்து நின்று, ஊர்ச்சந்தையில் ஒருவரை ஒருவர் கேட்பதுபோல் அமைதியாகக் கேட்டார்.

“ஐயா எந்தத் துறை?”

ஆற்றுநாட்டில் பிறந்தவனுக்கு இக்கேள்வியே விளங்காது. எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். மருதங்கோவனார் விளங்காதவர்போல் நின்றிருக்கலாம். வாய் தவறியது என்று சொல்லியிருக்கலாம், அவை நம்பியிருக்கும். தோணன் அவர் முகத்தை உற்றுப் பார்த்து, இன்னும் தணிந்த குரலில் சொன்னார்.

“திமிலன் சாயல் இருக்கு. அவன் செத்து ஏழு வருசம் ஆச்சு, ஐயா. ஏழ்வாயில்ல தங்கிட்ட உப்பு வாங்குற பெரிய ஐயா ஒருத்தர் இருக்கார்னு சொல்லிக்கிட்டே இருப்பான். தம்பின்னு ஒருநாளும் சொன்னதில்ல.”

மருதங்கோவனார் ஓலையை மடித்துப் பீடத்தில் வைத்தார். பிறகு, “முடத்தாழைத் துறை” என்றார். அதன்பின் அவர் சொன்னவையெல்லாம் மேலே எழுதப்பட்டுள்ளன.

மடைகாப்போர் மூவரை அழைத்து வினாவினோம். மூவரும் அலவியின் விடையே சரி என்றனர். அவள் ஐம்பத்தேழாம் இடத்தவள் என்று திருத்தி எழுதினோம். நூற்படி விடை எழுதிய மற்றவரின் மதிப்பைக் குறைக்கவில்லை, கற்பித்ததைத்தானே அவர்கள் எழுதினார்கள். சேந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் என் மகன் அறுபத்தொன்று, இனி நான் யாரைக் கோபித்துக்கொள்வது என்று மட்டும் சொல்லி, மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஓர் இடத்தைக் கூட்டிக் கொடுத்துவிடலாம் என்று அமைச்சர் சிலர் சொன்னார்கள். கூட்டலாம். ஆனால் எந்த எண்ணில் நிறுத்தினாலும் அதற்கு அடுத்த எண்ணில் ஒரு தாய் நின்றுகொண்டிருப்பாள். பதுமன் அடுத்த ஆண்டும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுடைய ஓராண்டுத் துயரத்தை நம்மால் நீக்க முடியவில்லை, நீக்கியதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டோம்.

இனித் தீர்ப்பு. குடிநோக்கல் இன்னும் பன்னிரண்டு ஆண்டு நிற்கும். அதன்பின் பேரவை கூடி, அன்றுள்ள நிலையைக் கண்டு மீண்டும் ஆராயும். அது என்றென்றைக்கும் உரியதென்று நீங்களும் எண்ணவேண்டா, அது தீமையென்று பிறரும் எண்ணவேண்டா. கல் நின்றது மூன்று தலைமுறை. அதன் நிழல் ஒரு தலைமுறையில் போகாது. ஆனால் சேந்தி சொன்னதிலும் நீதி உண்டு. ஆகவே ஒருவரை ஏற்றுவதால் இறங்குபவர் எவராயினும், அவர் வீட்டுக்கு ஆளனுப்பி வரவழைத்து, காரணத்தை அரசே நேர்நின்று சொல்ல வேண்டும். முகம் பார்த்துச் சொல்ல முடியாத நீதியை நாம் செய்யலாகாது. ஓலை திருத்துவோர் ஐவருள் இருவர் இனி உவர்த்துறையார். குடியைப் பாராமல் தகுதியை மட்டும் பார்க்கிறோம் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தோம். ஒரு குடியின் சொற்களை மட்டும் அறிந்தவர்கள் அப்படிப் பார்க்கவே முடியாது என்பதை ஒரு பெண்ணின் விடை நமக்குக் காட்டிவிட்டது.

மருதங்கோவனாருக்கு என்ன தண்டம் என்று அவை கேட்டது. நாற்பத்திரண்டு ஆண்டு பொய்ப்பெயரில் இருந்ததற்கு நாடு கடத்தலாம் என்றார் ஒருவர். அப்பொய்யை அவர் வாயில் வைத்தது நம் முன்னோர் வெட்டிய கல். அதற்கு அவரைத் தண்டிக்க நமக்கு முகமில்லை. ஆனால் அலவியின் ஓலையைச் சுருட்டிக் கட்டி வைத்த குற்றம் அவருடையது மட்டுமே. ஏன் செய்தீர் என்று கேட்டோம். அவர் சொன்ன விடை இது:

“பொறாமைதான், தாயே. அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் நினைத்தேன். கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிந்தன.”

இப்போது அது தணிந்துவிட்டதா என்று கேட்டோம். இல்லை, இன்றும் அவளைக் கண்டால் எரிகிறது, ஆனால் எரிவது எது என்று இப்போது தெரிகிறது என்றார். தம்மை எங்கேனும் தொலைவில் அனுப்பிவிடுமாறும், ஒருவர் முகத்திலும் விழிக்காமல் சாக விடுமாறும் வேண்டினார். அந்த வேண்டுகோளை நாம் ஏற்கவில்லை. தேர்வுநாயகப் பதவியிலிருந்து நீக்கி, வேறொரு பணியைக் கொடுத்தோம்.

ஆதலால் உவர்த்துறை ஐந்தின் தலைவர்களுக்கு நம் ஆணை இது. இவ்வோலை ஐந்து துறையிலும், மக்கள் கூடிய நடுவில், முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல்லும் விடாமல் உரக்கப் படிக்கப்பட வேண்டும். இதைச் சுமந்து வந்தவரும், இப்போது உங்கள் முன் நின்று இதைப் படித்துக்கொண்டிருப்பவரும் அவரே. அவரை ஒருவரும் அடிக்கலாகாது, ஒருவரும் துதிக்கவும் வேண்டா. படித்து முடித்ததும் உட்கார இடமும் குடிக்க நீரும் கொடுங்கள். கேட்பதற்கு உள்ளவர்கள் கேட்கட்டும், அவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர். பின்பு, வரும் ஆண்டு கடிகைத் தேர்வுக்கு அனுப்பத்தக்க பிள்ளைகளை அவர் முன்னே கொண்டுவந்து நிறுத்துங்கள். அவர் எழுத்தாணியோடு வந்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தானே சொல்லட்டும், அவர் கேட்டு எழுதட்டும்.

ஏழ்வாயில் அரண்மனையில், பேரவையார் அறிய, நம் கரைமுத்திரை பொறித்து விடுத்தோம். ஆணை நடக்க.